கதவு இருந்த வீடு

2024 செப்டெம்பர் 11, புதன்கிழமை முற்பகல், ஊர்காவற்றுறையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில், புளியங்கூடலில் உள்ள கல்வீடு ஒன்றும் அது நிற்கும் வளவும் கைமாறின. விற்றவர் ஐயாத்துரை, வயது எண்பத்தொன்று. வாங்கியவர்கள் மிதுஷனும் அவன் மனைவி மேனுகாவும். அன்று மாலையே ஐயாத்துரை கொழும்பு பஸ் ஏறினார். அடுத்த நாள் கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

மிதுஷன் ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். பெற்றோருக்கு ஊர் புங்குடுதீவு. தொண்ணூறில் இடம்பெயர்ந்து போன இடத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பிறந்தவன் அவன். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டின் ஒட்டுப் பத்தி, வன்னியில் கொட்டில், முகாம், யாழ்ப்பாணத்தில் வாடகை அறை. மேனுகா கணித ஆசிரியை. அவளுடைய கதையில் ஊர்ப்பெயர்கள்தான் வேறு. ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் வந்து, இது எங்கடை, வெளிக்கிடுங்கோ என்று சொல்லியிருந்தார்கள். சிலர் அன்பாகச் சொன்னார்கள். வீடு வாங்குவது என்று முடிவெடுத்த நாளில் மேனுகா கேட்டது ஒன்றுதான்.

"சின்னனெண்டாலும் பரவாயில்லை. ஒருத்தரும் வந்து இது எங்கடை எண்டு சொல்லேலாத இடமா இருக்கவேணும்."

ஏறக்குறைய ஒரு வருடம் தேடினார்கள். தீவுப்பகுதியில் விற்பனைக்கு வீடுகளுக்குக் குறைவில்லை. வேலணையில் பார்த்த வீட்டுக்குக் கூரை இல்லை. நாரந்தனையில் பார்த்ததற்குச் சுவர் நல்லது. கதவு, யன்னல் எதுவுமில்லை, நிலைகள் இருந்த இடங்களில் பல்லுப் பிடுங்கிய பள்ளங்கள். புங்குடுதீவில் பார்த்த பெரிய நாற்சார் வீட்டுக்குள் ஆலமரம் நின்றது. சனம் இல்லாத காலத்தில் மரமும் ஓடும் போய்விட்டன என்று எல்லா இடத்திலும் ஒரே விளக்கத்தைச் சொன்னார்கள். எங்கே போயின என்று யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

ஐயாத்துரையின் வீட்டில் எல்லாம் இருந்தன. முதிரை மரத்தில் செய்த முன்கதவு. வெள்ளைச் சாயம் பூசிய யன்னல்கள். உள்ளே கூரையைத் தாங்கித் தேக்கில் ஒரு தீராந்தி, ஒரு பனைமரத்தின் நீளத்துக்கு. கூரையில் பழைய கள்ளிக்கோட்டை ஓடு, ஒன்றுகூட உடையவில்லை.

மிதுஷன் கவனமானவன். முதல் வீடு வாங்குகிறவன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று சங்கத்தில் அனுபவப்பட்டவர்கள் எல்லாரிடமும் கேட்டு வைத்திருந்தான். கிணற்றுத் தண்ணீரை மூன்று தடவை வந்து குடித்துப் பார்த்தான், சவர் இல்லை. மரத்தைத் தட்டிப் பார்த்தான், கறையான் இல்லை. நில அளவையாளர் வந்து எல்லை பிடித்தார். வேலி ஓர் அங்குலம் கூட நகரவில்லை. சட்டத்தரணி காணிப் பத்திரமான உறுதியின் தாய் உறுதி, அதன் தாய் உறுதி வரைக்கும் தேடினார். பங்குக்காரர் இல்லை, வழக்கு இல்லை, ஈடு இல்லை.

"இவ்வளவு துப்புரவான உறுதி நான் தீவுக்குள்ளை பாக்கேல்லை" என்றார் சட்டத்தரணி.

அயலும் நல்ல அயல். பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும். பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் வேலிக்கு மேலால் தேத்தண்ணி தந்தவர் அவர்.

"வாங்குங்கோ பிள்ளை, யோசியாதையுங்கோ" என்று மேனுகாவின் கையைப் பிடித்துச் சொன்னார். "இப்பிடி முழுசா ஒரு வீடு உங்களுக்கு இனி எங்கை கிடைக்கப்போகுது?"

"ஐயா விலையிலை இறங்கிறார் இல்லை அன்ரி."

"நான் அவரின்ரை மகளோடை கதைக்கிறன். அவள் சொன்னா மனுசன் இறங்கும்."

அடுத்த கிழமை விலை இறங்கியது. ஊருக்குள் தங்களுக்கு ஓர் உறவு கிடைத்துவிட்டதாக மேனுகா தாய்க்குத் தொலைபேசியில் சொன்னாள்.

உறுதி முடிந்த அந்தக் கிழமை ஆவணியின் கடைசிக் கிழமை. செவ்வாய்க்கிழமை புரட்டாதி பிறக்க இருந்தது. புரட்டாதியில் குடிபுக மாட்டார்கள். ஊர்காவற்றுறையில் இருந்த வாடகை வீட்டுக்கும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. அயலில் உள்ள எல்லாரையும் மிதுஷன் வீடு வீடாகப் போய் அழைத்தான்.

எல்லாரும் வந்தார்கள். அழைக்காதவர்களும் வந்தார்கள்.

சர்க்கரை, தேங்காய், ஒரு சோடிக் குத்துவிளக்கு, சுவர் மணிக்கூடு என்று வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. பால் பொங்கியது. மேனுகா தட்டில் வடையும் மோதகமும் கொண்டு திரிந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். வந்தவர்கள் புதுக் கதிரையைப் பார்க்கவில்லை. குசினியில் பதித்த புதுக் கல்லைப் பார்க்கவில்லை. எல்லாருடைய முகமும் மேலே இருந்தது. ஓடுகளையும் தீராந்தியையும் பார்த்தார்கள். ஒரு வயதானவர் சாமி அறை யன்னலின் கொளுக்கியைத் தூக்கிப் போட்டார், திரும்பத் தூக்கிப் போட்டார், அது விழுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். இன்னொரு பெண் பின்கதவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்கோ அக்கா, நான் துடைக்கிறன்" என்றாள் மேனுகா.

"பரவாயில்லைப் பிள்ளை. எனக்கு இது பாரமில்லை."

வாசலில் ஒரு கிழவி மட்டும் உள்ளே வராமல் நின்றார். கடற்கரைப் பக்கம் இருக்கும் பிலோமினம்மா. மகன் ஜெகதீஸ் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். கையில் ஒரு கட்டிக் கருவாடு, கடதாசியில் சுற்றி.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா."

"வாறன் மோனை. இதுக்குள்ளாலை போய் வராத ஆளே நான்?" என்றார் பிலோமினம்மா. பிறகு நிலையின் மேல் மரத்தைக் காட்டினார். அங்கே இலட்சுமி உருவம் அடித்த பித்தளைத் தகடு ஒன்று ஐயாத்துரையின் காலத்திலிருந்து பூட்டிக் கிடந்தது. "தம்பி, அந்தத் தகட்டை ஒருக்காக் கழட்டிக் காட்டுவியளே?"

மிதுஷன் சிரித்தான். "ஏன் அம்மா, வேணுமே?"

"தகடு எனக்கேன்? நான் வேதக்காரி."

ஸ்டூல் போட்டு ஏறித் திருகாணியைக் கழற்றினான். தகடு வந்தது. அதன் கீழே மரத்தில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. யாரோ உளியால் அதைச் சீவி எடுக்கப் பார்த்து, முதிரை விட்டுக்கொடுக்காததால் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். சிலுவையின் கீழ் 1958 என்று இருந்தது.

"எங்கடை வாசல்" என்றார் பிலோமினம்மா. "அப்பு செய்விச்சது. நான் கலியாணம் முடிக்க இதுக்குள்ளாலைதான் கோயிலுக்கு வெளிக்கிட்டனான். எப்ப தருவியள் தம்பி?"

மிதுஷன் ஸ்டூலில் நின்றபடியே கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. வாயில் போட்ட வடையை மென்றுகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டுத் திகைத்தவர்கள் இரண்டு பேர் மட்டுமே என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவனும், தட்டோடு நின்ற மேனுகாவும்.

"பிலோமினா அக்கா அவசரப்பட்டிட்டா" என்றார் யன்னல் கொளுக்கியோடு நின்ற வயதானவர். "நாங்கள் சாப்பாடு முடியக் கதைப்பம் எண்டு இருந்தனாங்கள்."

"எதைப் பற்றிக் கதைக்க?"

"இந்த ரெண்டு யன்னலும் என்ரை, தம்பி. அவசரமில்லை."

"பின்கதவு எங்கடை" என்றாள் சேலையால் துடைத்தவள். "குசினி யன்னலும். அதுக்கு நீங்கள் பச்சைப் பெயின்ற் அடிச்சுப்போட்டியள், அது காரியமில்லை."

தீராந்தி யாருடையது என்பதில் இரண்டு பேருக்கு இடையில் சிறிய வாக்குவாதம் ஒன்று தொடங்கியது. ஒருவர், ஐயாத்துரை அதை இரண்டு வீட்டுத் துண்டுகளைப் பொருத்திச் செய்தவர் என்றார். அண்ணாந்து பார்த்தார்கள். பொருத்து தெரிந்தது. ஒரு பனைமரத்தின் நீளம் என்று மிதுஷன் எல்லாரிடமும் சொல்லித் திரிந்த தீராந்தி.

அவன் ஸ்டூலில் இருந்து இறங்கினான்.

"நான் இந்த வீட்டைக் காசு குடுத்து வாங்கினனான். உறுதி இருக்கு. விருப்பமெண்டா எடுத்துக் காட்டுறன்."

"வேண்டாம் தம்பி, உறுதி சரி" என்றார் யன்னல்காரர். அவர் குரலில் ஆறுதல் இருந்தது. "காணி உங்கடை. கிணறு உங்கடை. சுவர் உங்கடை. சுவரை ஆர் கேட்டது?"

எல்லாரும் பிளேன்ரீ குடித்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் மேனுகாவின் தலையில் கை வைத்து, நல்லா இருக்கவேணும் பிள்ளை என்று சொல்லிப் போனார்கள்.

அன்று மாலை கனடாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்கள். அங்கே காலை. ஐயாத்துரை கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுப் படுக்கையில் இருந்தார்.

"ஆர், மிதுஷனே? பால் பொங்கிச்சுதே?"

மிதுஷன் நடந்ததைச் சொன்னான். கிழவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"ஓம். அவையள் சொல்லுறது சரி" என்றார். "சனமெல்லாம் போன பிறகு ஊரிலை நிண்ட ஆள் நான். வெறும் வீடுகள். நான் எடுக்காட்டி காவலரணுக்குப் போயிருக்கும், இல்லாட்டி விறகு. வண்டிலிலை ஏத்திக் கொண்டுவந்து வைச்சனான். பிறகு என்ரை கூரையும் ஷெல்லிலை போச்சு. வைச்சிருந்ததைப் பூட்டினன். தொண்ணூற்றாறுக்குப் பிறகு வந்து கேட்டவை. நான் சொன்னன், நான் இந்த வீட்டிலை இருக்குமட்டும் கேக்காதையுங்கோ, எழும்பின பிறகு எடுங்கோ எண்டு. வாக்குக் குடுத்தா வாக்கு. இருவத்தெட்டு வருசம் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எங்கடை ஊர்ச் சனம் அப்பிடி."

"இதை ஏன் ஐயா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. தண்ணி குடிச்சுப் பாத்தீர். கறையான் பாத்தீர். நாலு பக்கமும் அளந்து பாத்தீர். ஊரிலை ஒரு வீட்டுக்கும் கதவில்லை, உமக்கெங்காலை கதவு எண்டு கேட்டீரே?"

மிதுஷன் முன்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அவையளுக்குக் குடும், குடாமல் விடும். நான் எழும்பியிட்டன். இனி அது உம்மடை வீடு" என்றார் ஐயாத்துரை. வீட்டை மிதுஷனுடையது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. படம் அணைந்தது.

அடுத்த நாள் மேனுகா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வேலிக்குப் போய் இலட்சுமிப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுளகோடு எழும்பி வந்தார்.

"அன்ரி, உங்கடையும் ஏதும் எங்கடை வீட்டிலை இருக்கோ?"

"முன் அறை யன்னல் ரெண்டும், சுவர் அலுமாரிக் கதவும். நான் ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தன் பிள்ளை. வந்தவுடனை அந்தரப்படுத்தக் கூடாதெல்லே."

"நல்ல வீடு எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"பொய்யே சொன்னனான்? நல்ல வீடுதான். எங்கள் எல்லாரின்ரையும் நல்லதுகள் அங்கைதானே கிடக்குது."

மேனுகா வேலிக் கதிகாலைப் பிடித்துக்கொண்டாள். "முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி."

"சொன்னா வாங்கியிருப்பியளோ?"

"இல்லை."

"அப்ப? ஊருக்குள்ளை ஒருத்தரும் அதை வாங்கமாட்டினம். வெளியாலைதான் ஆள் வரவேணும். ஆள் வந்து வாங்கினாத்தான் மனுசன் எழும்பும். எழும்பாமல் நாங்கள் கேக்கேலாது, வாக்குக் குடுத்திட்டம். நான் எத்தினை தரம் அந்தப் பிள்ளைக்குக் கனடாவுக்கு எடுத்து, கொப்பர் தனியக் கிடந்து கஷ்டப்படுறார், கூப்பிடு கூப்பிடு எண்டு சொல்லியிருப்பன்?"

"எங்களுக்கு முதல் வேறை ஒருத்தரும் பாக்க வரேல்லையோ?"

இலட்சுமிப்பிள்ளை சுளகைக் கீழே வைத்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது போலத் தெரிந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"வராமல் என்ன? ஒரு பொலிஸ்காரர் வந்தவர். அவரிட்டை ஆர் பேந்து யன்னல் கேக்கிறது? கிணத்துக்குள்ளை புடையன் பாம்பு எண்டு சொல்லி அனுப்பினம். வெளிநாட்டிலை இருந்து ஒருத்தன் வந்தான், நெடுகச் சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டு. அவனுக்கு வளவுக்குள்ளை பேய் எண்டு பெடியள் சொல்லிப்போட்டாங்கள். பிறகு நீங்கள் வந்தியள். தண்ணி அள்ளிக் குடிச்சிட்டு வாளியைக் கழுவிக் கவிட்டு வைச்சீங்கள் பாருங்கோ, அப்ப நான் சொன்னனான், இந்தப் பிள்ளையள் தருங்கள் எண்டு. எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுது."

மேனுகா வீட்டுக்குள் திரும்பி வந்து முன்கதவைச் சாத்தினாள். சாத்திய கையை உடனே எடுத்துவிட்டாள். மிதுஷன் மதியம் வந்தபோது அவள் பின் பத்தியில், கதவே இல்லாத இடத்தில், கதிரை போட்டு இருந்தாள்.

"எங்களைத் தெரிஞ்செடுத்திருக்கினம்" என்றாள். "நாங்கள் வீடு தேடேல்லை. அவையள் ஆள் தேடியிருக்கினம்."

மிதுஷன் சட்டத்தரணியிடம் போனான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த கண்ணாடியைப் போட்டார்.

"நிலத்திலை பொருத்தினது நிலத்தோடை சேரும். வழக்குப் போட்டா நீர் வெல்லுவீர்."

"அப்ப போடுவம் ஐயா."

"போடலாம். வெண்ட பிறகும் நீர் அங்கைதான் இருக்கப்போறீர் எண்டதை யோசிச்சீரே?"

வழக்குப் போடவில்லை. இரண்டு பேரும் அந்தக் கிழமை முழுவதும் அதைத்தான் கதைத்தார்கள். ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுக்கவேண்டி வரும் என்பது மிதுஷனின் வாதம். மேனுகா வாதம் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தச் சிலுவைக்குக் கீழாலை ஒவ்வொருநாளும் போய் வர என்னாலை ஏலாது. நாங்கள் இருந்த கொட்டிலை எங்கள் கண்ணுக்கு முன்னாலை பிடுங்கினவை, நான் சொன்னனான்தானே? அந்தக் கப்பு மரம் இண்டைக்கு எந்த வீட்டிலை நிக்குதோ, அந்த வீட்டுக்காரர் என்னெண்டு நித்திரை கொள்ளுகினம் எண்டு நான் எத்தினை நாள் யோசிச்சிருக்கிறன். இப்ப நான் அந்த வீட்டுக்காரி."

சனிக்கிழமை ஜெகதீஸ் அலவாங்கும் இரண்டு ஆட்களும் கொண்டுவந்தான். நிலையைச் சுற்றிச் சாந்தைக் கொத்தி அசைத்து, சுவருக்கு முண்டு கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் முழு வாசலையும் வெளியே எடுத்தார்கள். சுவரில் ஒரு பள்ளம் நின்றது. நாரந்தனையில் பார்த்த வீட்டில் நின்றது போன்ற பள்ளம். வாசலை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். பிலோமினம்மாவின் வீட்டில் அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கவேண்டும் போல இருந்தது மிதுஷனுக்கு. பின்னால் சைக்கிளில் போனான்.

பிலோமினம்மா இருப்பது வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீட்டில். அதற்கு ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது. லாண்ட்மாஸ்டர் அந்த வீட்டைத் தாண்டி, பற்றைக்குள் போய் நின்றது. அங்கே பழைய வீட்டின் முன்சுவர் மட்டும் நின்றது. மற்ற மூன்று பக்கமும் இல்லை. கூரை இல்லை. நிலத்தில் நாயுருவி. முன்சுவரின் நடுவில் இருந்த இடைவெளியில் நிலையைத் தூக்கி நிறுத்தி, ஆப்பு வைத்து, சீமெந்து பூசினார்கள். பழைய அளவு அப்படியே இருந்தது. ஒரு விரல் நுழையாது.

பிலோமினம்மா கதவைத் திறந்து அந்தப் பக்கம் பற்றைக்குள் போனார். திரும்பி இந்தப் பக்கம் வந்தார். சாத்தினார். பூட்டினார். திறப்பைச் சேலையில் முடிந்தார்.

"அம்மா, இதுக்கு ஏன் கதவு?" என்று மிதுஷன் கேட்டுவிட்டான்.

"வீட்டுக்குக் கதவு வேண்டாமே?" என்றார் அவர். ஜெகதீஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"வாங்கோ அண்ணை" என்றான் பிறகு, சைக்கிளைப் பிடித்துத் தந்து. "நான் அம்மாவுக்கு எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன்."

பிலோமினம்மா வேதக்காரி, அவருக்கு மாதம் பார்க்கத் தேவையில்லை. மற்றவர்கள் புரட்டாதியில் கதவு நிலை அசைக்க விரும்பவில்லை. ஐப்பசி பிறக்கட்டும் என்றார்கள். அந்த ஒரு மாதமும் அவர்கள் பார்க்க வந்தார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பின்னேரம் படலையில் ஒரு குரல் வரும். "பிள்ளை, ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்." வருவார்கள், தங்கள் யன்னலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவார்கள். வரும்போது முருங்கைக்காய், மீன், ஒருநாள் ஒரு சட்டி பனங்காய்ப் பணியாரம். யன்னல்காரர் தன் மகளையும் பேரப்பிள்ளையையும் கொழும்பில் இருந்து கூட்டிவந்து காட்டினார். பேரப்பிள்ளை யன்னலோடு நின்று படம் எடுத்தது. மேனுகாவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

முன்வாசலில் கதவுக்குப் பதிலாக மிதுஷன் தறப்பாள் கட்டியிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை வைரவர் கோயில் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை. கதிரையில் இருந்தார். பிரசாதத்தை மேனுகாவின் கையில் கொடுத்தார்.

"நாங்கள் ஒண்டும் கேட்டு வரேல்லை" என்றார். "ஓடு கோயில் மடத்தின்ரை. சுவாமியின்ரை பொருள் எண்டதை அறிவிச்சுப்போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். மடத்துக்கு இப்ப மரமெல்லாம் ஏத்தியாச்சு. ஓடு போடாமல் நிக்குது. வாங்கலாம், காசு இருக்கு. ஆனா வாங்கினா இது இஞ்சை கிடக்கும். உங்களுக்கும் அது நல்லதில்லை, பாருங்கோ."

"மாரி வருது ஐயா" என்றான் மிதுஷன். "தை மாதம் எடுக்கலாமே?"

"நானும் அதைத்தான் சபையிலை சொன்னனான். ஐப்பசி முதல் ஞாயிறுதான் நாள் பொருந்துது எண்டு ஐயர் சொல்லிப்போட்டார்."

அன்று மிதுஷன் தாய்க்கு எடுத்தான். அவர் முழுவதும் கேட்கவில்லை. "கோயில் ஓட்டுக்குக் கீழை படுக்காதை" என்றார். "பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வா." அந்தச் சொல்லை அவரிடம் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருந்தான், ஒவ்வொரு ஊரிலும். சொந்த வீட்டில் இருந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

மேனுகா கூரைக்குத் தகரம் போடக் கடையில் விசாரித்தாள். வங்கியில் இன்னொரு கடனுக்குக் கேட்டாள். வீடு வாங்க எடுத்த முதற்கடன் தொடங்கி மூன்று மாதமாவது ஆகவேண்டும் என்றார்கள்.

ஒக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்தார்கள். ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் சிரமதானம். பெடியள் கூரையில் ஏறினார்கள், கீழே வரிசையாக நின்றவர்கள் ஓட்டைக் கைமாற்றி வாங்கினார்கள். இலட்சுமிப்பிள்ளை இரண்டு பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து மேனுகாவோடு சேர்ந்து பரிமாறினார். ஓர் ஓடும் உடையவில்லை. ஓடு போனதும் அதைத் தாங்கிய சிலாகையும் கைமரமும் போயின, அவரவர் அடையாளம் காட்டி எடுத்தார்கள். தீராந்தியை அதன் பொருத்தில் கழற்றி, இரண்டு வீட்டுக்காரரும் ஒவ்வொரு துண்டைக் கொண்டு போனார்கள். யன்னல்கள் மதியத்துக்குப் பிறகு. பின்கதவு கடைசி. எடுக்க எடுக்க வீட்டுக்குள் வெளிச்சம் கூடிக்கொண்டு வந்தது. மாலையில் புதுக் கதிரைகள் நாலு சுவருக்கு நடுவில் வானத்தின் கீழ் இருந்தன.

வேலை முடிந்து எல்லாரும் கை கழுவினார்கள். யன்னல்காரர் மிதுஷனின் தோளைத் தட்டினார்.

"இனி நிம்மதியா இருங்கோ தம்பி. இனி இது ஒருத்தற்றையும் இல்லை, முழுக்க உங்கடை."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

மிதுஷன் சுவர்களைப் பார்த்தான். பிறகு மேனுகாவைப் பார்த்தான். மேனுகா சுவர் மணிக்கூட்டைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீர் என்ன யோசிக்கிறீர்?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லை. அலுமாரியை எங்கை வைக்கிறது எண்டு யோசிக்கிறன். நனையப்போகுது."

அந்தக் கிழமையே மழை தொடங்கியது. மிதுஷனும் மேனுகாவும் இப்போது இலட்சுமிப்பிள்ளையின் முன் அறையில் இருக்கிறார்கள். அவர் வாடகை வேண்டாம் என்றார். மிதுஷன் மாதம் மாதம் கொடுக்கிறான். வளவின் படலை பூட்டியிருக்கிறது. உள்ளே சுவர்கள் நிற்கின்றன. வங்கிக் கடன் பதினைந்து வருடம்.